சுவரைத் தடவிய வெளிச்சம்

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்.

அத்தை, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நிலையை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில். அவள் மகன், டைல்ஸ் கடையில் வேலை பார்ப்பதால் தெருவே சூப்பர்வைசர் என்று அழைக்கும் ஆள், சோபாவின் கைப்பிடி மேல். சோபாவில் உட்கார்ந்தால் மற்றவர்களை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அது அவனுக்கு ஆகாது. மருமகளின் தம்பி, வயரிங் வேலைக்காரன், சமையலறைக்குள் சிமென்ட் மூட்டை மேல், காதில் சாக்பீஸோடு. மருமகள் மட்டும் உட்காரவில்லை. அவளுக்குப் போட்ட ஸ்டூலில் டீ டம்ளர்கள் உட்கார்ந்திருந்தன.

தொடர்ந்து வருகிறவர்களுக்கு இந்தச் சமையலறை ஏன் இடிபட்டது என்று தெரியும். இன்றுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேல் அலமாரிக் கதவு கழன்று விழுந்து மருமகளின் நெற்றி பிளந்தது, மரம் உளுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் புதிதாகச் செய்கிறோம் என்பது தெருவுக்குச் சொன்ன கதை. கதவு தானாகக் கழலவில்லை. பைக் சாவி எங்கே என்ற கேள்விக்குப் பதில் வரத் தாமதமானது. ஒரு கை அந்தக் கதவைப் பிடுங்கி அடித்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன்தான் இப்போது சோபா கைப்பிடியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான்.

அங்கிருந்த நால்வரில் இது தெரியாத ஒரே ஆள் தம்பி. அவனுக்குத் தெரியவே கூடாது என்று மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கை அவன் நாக்கைவிட வேகமானது. போன வருஷம் கூலியாள் ஒருவரை அறைந்த கான்ட்ராக்டரின் தாடையை உடைத்துவிட்டு, இப்போது ஜாமீனில் இருக்கிறான். இன்னொரு தடவை யார் மேலாவது கை வைத்தால் ஆள் உள்ளேதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். புருஷனைக் காப்பாற்றுவது போலத் தெரிந்த அந்த மௌனம், உண்மையில் தம்பிக்குப் போட்ட வேலி.

"என்ன மச்சான், மூட்டை மேல உட்கார்ந்து அடைகாக்கறியா? லைட்டு எங்கெங்க வருதுன்னு சொல்லு," என்றான் சூப்பர்வைசர்.

"அடைகாக்கறதுக்கும் ஒரு பல்பு வேணும் மாமா. அதத்தான் யோசிக்கறேன்." தம்பி எழுந்து தூசியைத் தட்டினான். "அக்கா, இங்க வா. ஒரு கத்தியும் வெங்காயமும் எடுத்துக்க."

"சமைக்க அடுப்பே இல்ல, வெங்காயம் எதுக்குடா?"

"வா, சொல்றேன்."

தம்பி எந்த வீட்டிலும் காகிதத்தில் படம் போடுவதில்லை. அவன் வழி வேறு. நீளமான வயரில் ஒரு ஹோல்டர், அதில் ஒரு பல்பு. வீட்டுக்காரர்கள் எங்கே நின்று வேலை செய்வார்களோ அங்கே நிற்க வைத்து, விளக்கு வரக்கூடிய இடத்திலெல்லாம் பல்பைப் பிடித்துப் பார்ப்பான். நிழல் கையை விட்டு விலகும் இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் பிளான்.

கண்ணாடி கழற்றிய ஜன்னலில் கம்பளியை ஆணி அடித்து மறைத்திருந்தான். வெயில் உள்ளே வந்தால் விளக்கின் குணம் தெரியாதாம். புதிய மேடை வரப்போகும் இடத்தில் செங்கல் அடுக்கி, ஒரு பலகையைப் போட்டு, அக்காவை நிறுத்தினான். கூரையின் நடுவிலிருந்த பழைய விளக்கைப் போட்டான்.

"இப்ப வெட்டு. உன் கையைப் பாரு."

அவள் பார்த்தாள். கத்தி, வெங்காயம், விரல்கள் எல்லாம் அவளுடைய தலையின் நிழலுக்குள் கிடந்தன.

"முதுகுக்குப் பின்னாடி விளக்கை வெச்சுட்டு, இத்தனை வருஷமும் உன் நிழல்லயே வெட்டியிருக்கே. விரலெல்லாம் சரியா இருக்கா, எண்ணிப் பாரு."

"குறையல. ஒண்ணுகூட விடாம இருக்கு."

"அவ லேப்ல ஊசி குத்தற கைடா அது," என்றாள் அத்தை நாற்காலியிலிருந்து. "இருட்டுலயும் நரம்பைக் கண்டுபிடிச்சுடும்."

சிரித்தார்கள். அன்று எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

"அலமாரிக்கு அடியில நீளமா ஒரு ஸ்ட்ரிப் லைட்டு விட்டா நிழலே விழாது. ஆனா அடுப்புக்கு மேல தனியா ஒண்ணு வேணும். மாமா, இந்தப் பல்பைக் கொஞ்சம் பிடிங்களேன். அக்காவுக்குப் பின்னாடி நின்னு, நல்லா உசத்தி. எவ்வளவு தூரத்துல நிழல் மாறுதுன்னு நான் இந்தப் பக்கத்துலேருந்து பார்த்துக்கறேன்."

சூப்பர்வைசர் சலித்துக்கொண்டே வந்தான். மனைவிக்குப் பின்னால் நின்று வலது கையைத் தலைக்கு மேல் ஓங்கினான்.

ஓங்கிய கையின் நிழல், அவளுக்கு எதிரே சுவரில் பெரிதாக எழுந்தது.

கத்தி விழுந்தது. வெங்காயம் உருண்டது. அவள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முழங்கால் மடங்கிப் பலகைக்கு அடியில் போய்விட்டாள். யோசித்துச் செய்ததில்லை. உடம்பு தானாகச் செய்தது.

 வயரில் பல்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"கரண்டு வயரு இல்லையா, ஷாக் அடிச்சுடுமோன்னு பயந்துட்டா," என்றாள் அத்தை அவசரமாக.

"ஷாக்குக்குப் பயந்தா கையை உதறுவாங்க அத்தை. தலையைப் பொத்த மாட்டாங்க."

மருமகள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "தலை சுத்திடுச்சுடா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நீ வேலையைப் பாரு."

தம்பி வேலையைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தான். அந்தப் பார்வை பிடிக்காமல் சூப்பர்வைசர் பேச்சை மாற்றினான். மாற்றிய பேச்சுதான் அவனைக் கவிழ்த்தது.

"மேடைக்கு மேல நீ என்னத்தையோ போட்டுக்க. ஆனா இந்தச் சுவருக்கு நான் சொல்றதுதான்." ஃபிரிட்ஜை நகர்த்தியதால் வெறுமையாக நின்ற உள்சுவரை அவன் காட்டினான். "எங்க ஷோரூம்ல போட்டிருக்கான் பாரு, மேலேருந்து சுவரை ஒட்டித் தடவிக்கிட்டு இறங்கற மாதிரி வெளிச்சம். வர்றவனெல்லாம் வாயைப் பொளந்து நிக்கறான். அது வேணும்."

"மாமா, அந்த லைட்டு டைல்ஸுக்குச் சரி. வெறும் பெயின்ட் அடிச்ச சுவருக்கு வேணாம். நேரா அடிக்கற வெளிச்சம் எல்லாத்தையும் மன்னிச்சுடும். பக்கத்துலேருந்து வர்ற வெளிச்சம் கோள்மூட்டி. எங்க மேடு, எங்க பள்ளம், எங்க பட்டி மாவு வெச்சு மெழுகியிருக்கு, எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும்."

"என் சுவர்ல என்னடா மேடும் பள்ளமும்?"

"அந்தச் சுவருக்கு எதுக்குங்க லைட்டு?" மருமகளின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஃபிரிட்ஜ்தானே மறைக்கப் போகுது."

"உன்னைக் கேட்டேனா?" மெதுவாகத்தான் கேட்டான். அந்த வீட்டில் சத்தத்தைவிட அந்த மெதுவுக்குத்தான் பயம்.

"கரண்ட் பில்லு எகிறிடும்டா," என்றாள் அத்தை.

"நான் கட்டறேன். ஆளாளுக்கு என்ன? எனக்கு வேணும்னா வேணும். மச்சான், பல்பைப் பிடி."

வேண்டாம் என்று மூன்று பேர் சொன்னால் நாலு மடங்கு வேண்டும் என்று நிற்பது அவன் பிறவிக் குணம். அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. ஒவ்வொரு முறையும் கடையிலிருந்து பட்டி வாங்கிவந்து, தானே பூசி, உப்புத்தாள் தேய்த்து, சீட்டி அடித்தபடி பெயின்ட் அடித்தவன் அவன்தான். வீட்டு வேலையில் எவ்வளவு அக்கறை என்று எதிர்வீட்டுக்காரி தன் புருஷனிடம் இடித்துக்காட்டியதுண்டு. பூசியவனுக்குச் சுவர் சரியாகிவிட்டது. சரியானதை எவன் நினைவில் வைத்துக்கொள்வான்?

தம்பி ஸ்டூலில் ஏறினான். கூரை விளக்கை அணைக்கச் சொன்னான். பல்பைச் சுவரின் உச்சியில், சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்தான்.

வெளிச்சம் தடவிக்கொண்டு இறங்கியது.

மழமழவென்றிருந்த சுவர் அம்மைத் தழும்பு முகமாக மாறியது. இங்கே ஒரு வட்டம், அங்கே பிறை போல ஒன்று, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, நிலைக்குப் பக்கத்தில் தாழ்வாக இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வெள்ளை ஓரம், மறுபக்கம் கறுப்பு ஓரம். பட்டிக்குள் புதைத்ததெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

தம்பி அங்கிருந்த பழைய ஆணியில் ஹோல்டரை மாட்டிவிட்டுக் கீழே இறங்கினான்.

"மாமா, வயருக்கு வெட்டினா நீளக் கோடா இருக்கும். ஆணி அடிச்சா விரல் நுனி அளவு. இதெல்லாம் என்ன?"

"பழைய வீடு, மணல் பூச்சு. தட்டினா உதிருது. நான்தான் பட்டி வெச்சேன்."

"நீங்களேவா?"

"பின்ன? உன்னை மாதிரி ஆளுக்குக் கூலி அழணுமா?"

தம்பி தன் வலது கையை மூடிச் சுவரிலிருந்த ஒரு தழும்பின் மேல் வைத்தான். விரல் முட்டிகள் நாலும் பொருந்தின. பிறைக்கு அருகில் போனான். சாமான் கோணியிலிருந்து இரும்புச் சட்டியை எடுத்து அதன் விளிம்பை வைத்துப் பார்த்தான். அதுவும் பொருந்தியது.

"அக்கா, இங்க வந்து சுவர்ல சாஞ்சு நில்லு."

"எதுக்குடா?"

"லைட்டுக்கு உயரம் பார்க்கணும்."

"வேணாம்டா. விட்டுடு. உன் கால்ல விழறேன்."

அவன் அவள் தோளைப் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல் மெதுவாக, சுவரோடு நிறுத்தினான். உள்ளங்கை அகலத் தழும்பு அவள் தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவள் பின்தலையில் விரலை விட்டான். முடிக்குள் மேடாக, கயிறு போல ஒரு வடு.

"கதவு முன்பக்கம்தானே விழுந்துச்சுன்னே?"

அவள் முடியை இழுத்து வடுவை மூடினாள்.

"இந்தாப்பா," என்றான் சூப்பர்வைசர். "வயர் இழுக்க வந்தவன் வயரை இழு. குடும்பத்தை இழுக்காதே."

தம்பி திரும்பினான். முதல் அடி மூக்கில் விழுந்தது. பச்சைக் குச்சி முறிகிற சத்தம். சூப்பர்வைசர் செங்கல் அடுக்கின் மேல் மல்லாந்தான். பலகை சரிந்து அவன் மார்பில் விழுந்தது. தம்பி பலகையோடு சேர்த்து மிதித்தான். கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தான். "எத்தனை நாளா? சொல்லுடா, எத்தனை நாளா?" கேள்விக்கு ஒன்றாக அடி விழுந்தது. சுவரில் ரத்தம் தெறித்தது. தடவி இறங்கிய வெளிச்சத்தில் அந்தத் துளிகளுக்கும் நிழல் இருந்தது.

சூப்பர்வைசரின் கை தரையைத் துழாவியது. வயர் போட வைத்திருந்த இரும்புக் குழாய்த் துண்டு அகப்பட்டது. தம்பியின் தலைக்கு வீசினான். நடுவில் வந்து விழுந்தது மருமகளின் கை.

அவள் கத்தவில்லை. முன்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். வழக்கமான இடத்தில் வழக்கமாக விழுவது போல.

அந்த மௌனம்தான் தம்பியைப் பைத்தியமாக்கியது. பையிலிருந்த சுத்தியலை எடுத்துவிட்டான். சூப்பர்வைசரின் தலையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து ஓங்கினான்.

"அடி!" என்று ஒரு குரல் வந்தது.

அத்தை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள்.

"நல்லா அடி. மண்டை உடையட்டும். இவனுக்கு ஒரு நாள்ல எல்லாம் முடிஞ்சுடும். நீ எப்ப வெளிய வருவே? அதுவரைக்கும் உங்கக்கா யாருக்கு வாழ்றது? அவ இவ்வளவு நாள் வாயைத் திறக்காம அடி வாங்கினது, நீ உள்ள போயிடக் கூடாதுன்னுதான். அதையும் சேர்த்து உடைச்சுடு."

சுத்தியல் இறங்கியது. சூப்பர்வைசரின் காதை உரசிக்கொண்டு சுவரில் விழுந்தது. செங்கல் தெரியுமளவுக்கு ஒரு பள்ளம். தம்பி சுத்தியலைக் கீழே போட்டான். அத்தை ஓடிவந்து அவன் இரண்டு மணிக்கட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் மெல்ல எழுந்தான். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். சிரித்தான்.

"பார்த்தியாம்மா? ஜாமீன்ல இருக்கற நாய் கடிச்சுடுச்சு. நேரா ஆஸ்பத்திரி. தையல் போட்டு, எழுதி வாங்கிக்கிட்டு, அடுத்தது ஸ்டேஷன். பொழுது சாயறதுக்குள்ள உள்ள கிடப்பான். சாட்சிக்கு நீ இருக்கே. பெத்தவ சொன்னா எவன் மறுக்கப் போறான்?" சுத்தியலை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டான். "ஆயுதம். கேட்பாங்க."

வாசலுக்குப் போகிற வழியில் நின்றான். குந்தியிருந்த மனைவியின் கொண்டையைப் பிடித்துத் தூக்கி, தலையைச் சுவரில் ஒரு மோது மோதினான். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"வந்து இதுக்கும் பட்டி வெச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

தம்பி திமிறினான். அத்தை விடவில்லை. பைக் சத்தம் தெருமுனையில் கரைந்த பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். மகன் மருமகளின் தலையைச் சுவரில் மோதினான். தான் பிடித்துக்கொண்டிருப்பதோ தம்பியின் கைகளை. பிடிக்க வேண்டிய கை வேறு. இது இன்றைக்கு மட்டும் நடந்ததா என்ன?

மணிக்கட்டுகளை விட்டாள்.

மருமகளின் நெற்றித் தையல் பிரிந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. தம்பி துணியைக் கிழித்துக் கட்டினான். கட்டும்போதே அழுதான். "நான் கிளம்பறேன் அக்கா. போலீஸ் வர்றதுக்குள்ள எங்கயாவது போயிடறேன்."

"ஓடினா அவன் சொல்றதுதான் நிஜம்னு ஆயிடும்," என்றாள் அத்தை.

"நிஜத்தைச் சொல்ல யாரு இருக்கா? அக்கா சொன்னா தம்பிக்காகச் சொல்றான்னு சொல்வாங்க. நான் சொன்னா குத்தவாளி. நீங்க..." அவன் நிறுத்திக்கொண்டான். அவள் பெற்றவள். மேலே என்ன கேட்பது?

பல்பு இன்னும் சுவரின் உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். தொழில் பழக்கம் போகவில்லை.

"அந்த நிலைக்குப் பக்கத்துல தாழ்வா ஒண்ணு இருக்கே, அது அக்கா உயரம் இல்ல. அது மேல பெயின்ட்டும் பல பூச்சு. ரொம்பப் பழசு. அது என்ன?"

அத்தை நடந்து போனாள். நிலைக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். குள்ளமான பெண். அந்தத் தழும்பு அவள் தலைக்குப் பின்னால் மறைந்தது.

"என் பிள்ளையோட அப்பா," என்றாள்.

தம்பி சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"அப்பல்லாம் பட்டி யாரு வெச்சா? என் மாமியார் அந்த இடத்துல ஒரு காலண்டர் மாட்டினாங்க. அவங்க போன பிறகு வருஷா வருஷம் நான் மாத்தினேன். பிள்ளை சின்னவனா இருக்கறப்போ ஸ்டூல் போட்டு ஏறி, தினம் காலையில அவன்தான் தேதி கிழிப்பான். ஒரு நாள் கேட்டான், 'அம்மா, இதுக்குப் பின்னாடி ஏன் பள்ளம்?'னு. 'சுவர்னா அப்படித்தான் இருக்கும்'னு சொன்னேன். பெரியவனானதும் அதுக்கும் அவனே பட்டி வெச்சுட்டான்."

மருமகள் தலை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சு இந்தச் சமையலறையில் பேசப்பட்டதில்லை.

"உன் போனை எடு," என்றாள் அத்தை. "தம்பி, பல்பைப் பிடி. ஒவ்வொண்ணையும் படம் எடுக்கணும். நேரா பிடிக்காதே. நீ சொன்னியே, கோள்மூட்டி வெளிச்சம், அப்படிப் பிடி."

மருமகள் அடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் படம் எடுத்தாள். தம்பி பல்பைச் சாய்த்தும் ஒட்டியும் பிடித்தான். "கொஞ்சம் கீழடா... அங்கதான்." வேலை என்று வந்ததும் இருவர் குரல்களும் நிதானப்பட்டன.

அத்தை நாற்காலிக்குப் போனாள். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவள். 'வாயால சொன்னவன் வாயை நனைச்சான், எழுதிக் குடுத்தவன்தான் வீட்டுக்குக் குழாய் வாங்கினான்' என்று அடிக்கடி சொல்வாள். மடியில் டைல்ஸ் துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் அதனதன் இடத்தில். காவல் நிலைய ஆய்வாளருக்கு. அப்புறம், யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள். என் மகன், சோபாவின் கைப்பிடியில். என் மருமகள், உட்காரவில்லை.

முதல் அடி யார் அடித்தது என்பதையும் எழுதினாள். தம்பி எட்டிப் பார்த்து முகம் வெளுத்தான்.

"அத்தை, நான் அடிச்சதையும் எழுதறீங்களே!"

"ஒரு பொய் இருந்தா மொத்தக் கடுதாசியும் பொய்னு கிழிச்சுடுவான். எதுக்கு அடிச்சேன்னும் எழுதறேன். இரு."

"அத்தை," என்றாள் மருமகள். "அவர் உங்க பிள்ளை."

"அதனாலதாண்டி என் கையெழுத்துக்கு மதிப்பு."

போன் அடித்தது. அத்தையுடையது. எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மா, தையல் முடிஞ்சுது. ஆட்டோ பிடிச்சு ஸ்டேஷனுக்கு வா. நான் சொல்றதுக்குத் தலையாட்டினா போதும்."

"நான் வரலடா. எழுதி அனுப்பறேன். நீ இன்னைக்குச் செஞ்சது, முன்னாடி செஞ்சது, உங்கப்பா எனக்குச் செஞ்சது, எல்லாத்தையும் எழுதிட்டேன்."

 பிறகு அந்த மெதுவான குரல்.

"வீட்டுலயே இரும்மா. எங்கயும் போகாதே. வர்றேன்."

போன் அணைந்தது. துண்டில் சுற்றிய சுத்தியல் மூவர் நினைவுக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

"கிளம்புங்க அத்தை, மூணு பேருமா போயிடலாம்," என்று தம்பி பையை எடுத்தான்.

"ஸ்கூட்டர்ல மூணு பேரா? ரத்தம் வழியறவ ஒருத்தி, கை நடுங்கறவன் ஒருத்தன், கூட நான் வேறயா? வழியில அவன் எதிர்ல வந்தா நடுரோட்டுல ஒரு கொலை விழும். அது யார் கையால விழும்னு எனக்குத் தெரியும். நீங்க பின்தெரு வழியாப் போங்க. நீயும் போ தம்பி. போலீஸ் தேடி வர்றதுக்கு முன்னாடி நீயே ஸ்டேஷன்ல போய் நில்லு."

"உங்களை விட்டுட்டு எப்படி அத்தை?" மருமகள் அவள் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கம்பளியைப் பிடுங்கு."

தம்பி ஒரே இழுப்பில் பிடுங்கினான். கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாக வெயில் வெள்ளமாகப் பாய்ந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அத்தை கூரை விளக்கையும் போட்டாள், கூடத்து விளக்கையும் போட்டாள். வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, தெருவிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் போட்டாள்.

"ஏம்மா!" என்று ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். "துணி காயப்போட்டுட்டு உள்ள போயிடாதே. உன் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வெச்சுக்க. என் பிள்ளை வர்றான். அவன் என்ன செய்யறான்னு நீங்க ரெண்டு பேரும் பார்க்கணும்."

அந்தப் பெண் ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இத்தனை வருஷமா இருட்டுல நடந்ததாலதான் நடந்துச்சு," என்றாள் அத்தை. "இனிமே நடக்கறது வெளிச்சத்துல நடக்கட்டும்."

கடிதத்தை மூன்றாக மடித்துப் பழுப்பு உறையில் போட்டாள். உறையை ஒட்டப் பசை இல்லை. சமையலறைச் சாமான் மொத்தமும் கோணிகளுக்குள் கிடந்தது. தம்பி தன் பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நீட்டினான். அத்தை ஒரு நீளம் இழுத்து, பல்லால் கடித்து அறுத்து, உறையின் வாயில் ஒட்டினாள். குறுக்கே இன்னொரு சுற்று. கட்டைவிரலால் ஓரம் முழுதும் அழுத்தித் தேய்த்தாள்.

"பத்திரமாப் பிடி," என்று மருமகளிடம் கொடுத்தாள். "உள்ள கரண்டு ஓடுது."

மருமகள் உறையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். தம்பி ஸ்கூட்டரை உதைத்தான். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் பின்தெருவுக்குள் திரும்பி மறையும் வரை பார்த்திருந்தாள்.

கடிதம் போய்விட்டது.